சின்ன ஆம்ப், மொடலர் பெட்டி, கொழும்பு ஃபிளாட்: எதை எங்கே சொருகுவது?

கொட்டாஞ்சேனையில் இருக்கும் சித்தியின் மகன் போன மாதம் வட்ஸ்அப்பில் நாற்பது செக்கன் ஒலிப்பதிவு ஒன்று அனுப்பினான். சேர்ச்சில் கொயருக்குக் கிட்டார் வாசிக்கிறவன், கை நல்ல கை. ஒரு இடத்திலும் விரல் பிழைக்கவில்லை. ஆனால் சத்தம், பால்மாப் பேணிக்குள் குளவியை அடைத்துக் குலுக்கினது போல இருந்தது. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "அண்ணா, இந்த ஆம்பை வித்துட்டு பெருசா ஒன்னு வாங்கவா?"

அவனிடம் இருப்பது 10 வாட் பயிற்சி ஆம்ப் ஒன்று. அதோடு செகண்ட்ஹாண்டாக வாங்கிய மொடலர் பெட்டி ஒன்று, அதாவது ஆம்பின் சத்தத்தைப் போலச் செய்துகாட்டும் பெட்டி, காலால் மிதிக்கிற வகை. கிட்டாரைப் பெட்டியில் சொருகி, பெட்டியை ஆம்பின் முன்பக்க ஓட்டையில் சொருகி, ஆம்புக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துப் பதிவு செய்திருக்கிறான். அந்தச் சாமான்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நல்லவைதான். கோர்த்த விதம்தான் பிழை.

இதே கேள்வியை வேறு ஆட்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் எல்லாரும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் தொடர்மாடியிலோ அனெக்ஸிலோ இருப்பவர்கள். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தூங்குகிறார்கள், அல்லது ஓ-லெவல் படிக்கிறார்கள். அப்படியான வீட்டில் இருந்துகொண்டு பதிவு செய்ய நினைப்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சுற்றிவரத் தோட்டமும் தடித்த சுவரும் உள்ள வீடு என்றால் உங்கள் கணக்கு வேறு. அதை இடையில் ஓரிடத்தில் சொல்கிறேன்.

முதலில் குளவி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தம் நான்கு படி தாண்டித்தான் இசைத்தட்டுக்கு வருகிறது. ஆம்பின் முன்பகுதியான பிரீ-ஆம்ப், பலம் கொடுக்கும் பவர் ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, அதற்கு முன்னால் வைத்த மைக். மொடலர் இந்த நான்கையும் தன் வயிற்றுக்குள்ளேயே செய்துவிடும். யோசனை புதியதல்ல. பொஸ்டன் இசைக்குழுவின் டொம் ஷோல்ஸ் 1982இல் ரொக்மேன் என்று இடுப்பில் மாட்டும் பெட்டி ஒன்றை விற்கத் தொடங்கினார். ஹெட்போனில் கேட்டால் பெரிய ஆம்பைப் பதிவு செய்தது போல இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 1998இல் லைன் 6 கம்பனியின் பொட் வந்தது, அவரை விதை வடிவில், சிவப்பாக. இன்றைக்கு ஸூம், பொஸ், நக்ஸ் என்று எந்தக் கடைக் கண்ணாடிக்குள்ளும் இருக்கும் பெட்டிகள் அந்த வம்சம்தான்.

நான்கு படியும் முடிந்து வெளியே வரும் சத்தத்தைக் கொண்டுபோய், இன்னொரு பிரீ-ஆம்ப், இன்னொரு பவர் ஆம்ப், இன்னொரு ஸ்பீக்கருக்குள் தள்ளினால் என்ன ஆகும்? கிட்டார் ஸ்பீக்கர் சாதாரண ஸ்பீக்கர் அல்ல. ஏறத்தாழ 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே உள்ளதை அது வெட்டி எறிந்துவிடும். மொடலருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் மாதிரி, அதாவது கெப் சிம், அதே வெட்டை ஏற்கெனவே வெட்டியிருக்கிறது. இரண்டு தரம் வெட்டினால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். அதுபோதாதென்று, மொடலரின் வெளியீடு பல பெட்டிகளில் லைன் அளவு, அதாவது பலம் கூடிய சிக்னல். ஆம்பின் முன் ஓட்டையோ கிட்டாரின் மெலிந்த சிக்னலை எதிர்பார்த்து இருப்பது. அங்கே அது நிரம்பி வழிந்து கரகரக்கும். அதுதான் குளவி. கடைசியில் போனின் மைக் வேறு, தன் பாட்டில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது.

பெரிய ஆம்ப் வாங்கியிருந்தால் இதே குளவி இன்னும் சத்தமாகக் கத்தியிருக்கும்.

சரி, கோர்க்க என்னென்ன வழி இருக்கிறது என்று ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, தம்பி செய்த அதே வழி, ஆனால் ஒழுங்காக. மொடலரில் ஆம்ப் மாதிரியையும் கெப் சிம்மையும் அணைத்துவிட்டு, டிலே, கோரஸ், ஓவர்டிரைவ் போன்ற எஃபெக்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது விலை கூடிய ஒரு பெடல் பலகையாக மட்டும் அதைப் பாவிப்பது. ஆம்பைச் சுத்தமான சத்தத்தில் வைத்து முன் ஓட்டையில் கொடுங்கள். பொஸ்ஸின் ஜிடி வரிசைப் பெட்டிகளில் அவுட்புட் செலக்ட் என்று ஒரு மெனு இருக்கும். நீங்கள் எதில் சொருகியிருக்கிறீர்கள், சின்ன ஆம்பா, கொம்போவா, நேரே லைனா என்று கேட்கும். பெட்டி வாங்கிய ஆட்களில் பலர் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். முதல் நாள் செய்ய வேண்டிய வேலை அது. உங்கள் ஆம்பின் சொந்தச் சத்தம் உங்களுக்குப் பிடித்தது என்றால் இந்த வழி சரி. 6 இன்ச் ஸ்பீக்கர் கொண்ட 10 வாட் ஆம்பின் சொந்தச் சத்தத்தில் மயங்கியவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

இரண்டாவது, ஆம்பின் பிரீ-ஆம்பைத் தாண்டிப் பின்பக்கமாகப் போவது. எஃப்எக்ஸ் ரிட்டர்ன் என்றோ பவர் ஆம்ப் இன் என்றோ ஒரு ஓட்டை இருந்தால் அதில் மொடலரைக் கொடுங்கள். ஆம்ப் மாதிரி இயங்கலாம், கெப் சிம் மட்டும் வேண்டாம். ஏனென்றால் உண்மையான ஸ்பீக்கர் ஒன்று அங்கே இருக்கிறது. இப்படிச் செய்தால் சின்ன ஆம்ப் கூடத் திடீரென்று வளர்ந்துவிட்டது போல இருக்கும். சிக்கல் என்னவென்றால் மலிவான 10 வாட் ஆம்ப்களில் இந்த ஓட்டை கிடையாது. ஒரேஞ்ச் கிரஷ் 35ஆர்டியில் இருக்கிறது, பொஸ் கட்டானா 50 மார்க் 2இல் இருக்கிறது. தம்பியிடம் இருப்பது போன்றவற்றில் பெரும்பாலும் ஆக்ஸ் இன் மட்டும்தான் இருக்கும். போனில் பாட்டுப் போட்டுக் கூடவே வாசிப்பதற்கான சின்ன ஓட்டை.

அந்த ஆக்ஸ் ஓட்டை ஏழையின் எஃப்எக்ஸ் ரிட்டர்ன். பெரும்பாலான சின்ன ஆம்ப்களில் அதில் போகும் சத்தம் பிரீ-ஆம்பைத் தொடாமல் நேரே பவர் ஆம்புக்குப் போகும். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். ஒன்று, பல ஆம்ப்களில் முன்னாலுள்ள வொலியூம் குமிழ் ஆக்ஸைக் கட்டுப்படுத்தாது. ஆகவே மொடலரின் வெளியீட்டைப் பூச்சியத்தில் வைத்துவிட்டுச் சொருகி, மெதுவாகத் திறவுங்கள். நான் ஒரு ஞாயிறு மத்தியானம் இதை மறந்து, கீழ்மாடி அன்ரி கதவைத் தட்டும் வரைக்கும் கொண்டுபோனேன். மற்றது, கேபிள். ஆக்ஸ் ஓட்டை ஸ்டீரியோ. மொடலரின் வெளியீடு பெரிய கிட்டார் ஜாக் இரண்டு. பக்கத்துக்கு ஒரு பெரிய ஜாக், மறுமுனையில் 3.5 மில்லிமீற்றர் ஸ்டீரியோ ஜாக் உள்ள ஒய் கேபிள்தான் வேண்டும். மோனோ கேபிளை அடாப்டர் போட்டுத் திணித்தால் ஒரு பக்கத்தை எர்த்தோடு சேர்த்துவிடுவீர்கள்.

இதுவரைக்கும் சத்தம் ஸ்பீக்கர் வரைக்கும் வந்துவிட்டது. இனிமேல்தான் கொழும்பு குறுக்கே வரும்.

ஸ்பீக்கரிலிருந்து பதிவுக்கு எடுக்க மைக் வேண்டும். ஷூர் எஸ்எம்57தான் உலக வழக்கம், 1965இலிருந்து கிட்டார் ஆம்புக்கு முன்னால் நிற்கிற மைக். அதைக் கொம்பியூட்டருக்குக் கொடுக்க ஒரு ஓடியோ இன்டர்ஃபேஸ். செலவை விடுங்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஃபிளாட் ஒன்றில் ஏப்ரல் மாதம் மைக் வைத்துப் பதிவு செய்து பாருங்கள். ஜன்னலைச் சாத்த வேண்டும், ஏனென்றால் கரையோர ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டே போகும், காலி வீதிப் பஸ் ஹோர்ன் அதற்குப் பதில் சொல்லும். ஜன்னல் சாத்தினால் ஃபேன் வேண்டும். ஃபேன் போட்டால் மைக்கில் அதன் உறுமல். ஃபேனை நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் முழங்கை வேர்வை கிட்டாரின் உடம்பில் வழுக்கும், தந்தி பிசுபிசுக்கும். ஒரு நாள் எல்லாம் அமைதியாகி, நல்ல டேக் ஒன்று போய்க்கொண்டிருந்தது. கடைசி நான்கு பாருக்குள், தெருத்தெருவாகப் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ வந்து நின்றது. பீத்தோவனின் ஃபூர் எலீஸை விடாமல் பாடும் அதே ஓட்டோ. சுருதியும் சேரவில்லை. பதிவை அழித்துவிட்டு இரண்டு மாலு பாண் வாங்கினேன்.

அறையும் ஒத்துழைக்காது. டைல்ஸ் தரை, பூசிய சுவர், உயரம் குறைந்த கூரை. சத்தம் அலைந்து திரியும். ஆம்பைத் தரையில் வைத்தால் அது உங்கள் கணுக்காலுக்குத்தான் வாசிக்கிறது, காதுக்கு வரும் சத்தம் வேறு. ஒரு கதிரையில் ஏற்றி, அலுமாரியைத் திறந்து சேலைகளுக்குள்ளே முகத்தைத் திருப்பி வைத்தால் எதிரொலி நன்றாகக் குறையும். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல, உண்மையாக வேலை செய்கிறது. மைக்கை ஸ்பீக்கரின் நடுக் குமிழுக்கு நேரே வைத்தால் கூர்மை கூடும், ஓரத்துக்கு நகர்த்தினால் இருண்டு இதமாகும். இரண்டு விரல் அளவு நகர்த்தினாலே வித்தியாசம் கேட்கும்.

"10 வாட் தானே, யாருக்குக் கேட்கப்போகுது" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 10 வாட்டை 1 வாட்டாகக் குறைத்தாலும் 10 டெசிபெல்தான் குறையும். காதுக்கு அது ஏறத்தாழப் பாதிச் சத்தம், அவ்வளவே. ஒரு ஃபிளாட்டுக்கு 1 வாட் கூட முழு வாட்தான். தோட்டம் வைத்த வீடு, பகலில் யாருமில்லாத வீடு, அல்லது ஊரில் தாத்தாவின் பழைய கல்வீடு கிடைக்கிறவர்கள் மைக் வழியைத் தாராளமாகப் பிடியுங்கள். காற்றை அசைத்து வரும் சத்தத்துக்கு ஒரு உயிர் இருக்கத்தான் செய்கிறது. மற்ற ஆட்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, மொடலரிலிருந்து யூஎஸ்பி வயரில் நேரே லப்டொப்புக்கு. அறை இல்லை, ஃபேன் இல்லை, சூன் பாண் இல்லை. இரவு ஒரு மணிக்கும் பதிவு செய்யலாம். இங்கே கெப் சிம் கட்டாயம் இயங்க வேண்டும். இல்லாவிட்டால் தேனீ, குளவி, வண்டு எல்லாம் சேர்ந்து வரும்.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தை வடிவாகப் பாருங்கள். பின்னால் யூஎஸ்பி ஓட்டை இருக்கிறது என்பதற்காக அதில் சத்தம் போகும் என்று அர்த்தமில்லை. ஸூம் ஜி1 ஃபோரில் அந்த ஓட்டை சவுண்டுகளைத் திருத்தவும் மென்பொருளைப் புதுப்பிக்கவும்தான், சத்தம் அதில் போகாது. பொஸ் ஜிடி-1, நக்ஸ் எம்ஜி-300, லைன் 6 எச்எக்ஸ் ஸ்டொம்ப் போன்றவை ஓடியோ இன்டர்ஃபேஸாகவே வேலை செய்யும். தம்பியின் பெட்டியிலும் அந்த வசதி இருந்தது. விற்றவர் வயரைக் கொடுக்கவில்லை, இவனும் அது அப்டேட்டுக்கு என்று நினைத்து விட்டுவிட்டான். பிரிண்டருக்குப் போடும் அதே சதுர முனை வயர்தான். வீட்டிலேயே ஒன்று கிடந்தது.

இந்த வழிக்கு இன்னொரு பெரிய லாபம், தாமதம். லப்டொப்புக்குள் பிளகின், அதாவது ஆம்பைப் போலச் செய்யும் மென்பொருள் போட்டு வாசிக்கிறவர்களுக்கு, தந்தியை அடித்துச் சற்றுப் பிந்தித்தான் காதுக்கு வரும். 44.1 கிலோஹேர்ட்ஸில் பஃபரை, அதாவது லப்டொப் ஒரு தரத்தில் அள்ளும் சத்தத் துணுக்குகளின் எண்ணிக்கையை, 128 என்று வைத்தால் ஒரு வழிக்கு மாத்திரம் ஏறத்தாழ 3 மில்லிசெக்கன். அது ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி நிற்பதற்குச் சமம், பரவாயில்லை. ஆனால் பழைய லப்டொப் 128இல் திக்கித் திணறும், 512க்கு ஏற்றச் சொல்லும். மொடலர் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை கிடையாது. சத்தத்தை உண்டாக்குவதும் பெட்டி, காதுக்குத் தருவதும் பெட்டி. லப்டொப் வெறும் எழுத்தர், எழுதிக்கொள்ள மட்டும் செய்கிறது. ரெக்கோர்டிங் மென்பொருளில் அந்த டிராக்கின் மொனிட்டரை, அதாவது பதியும் சத்தத்தைத் திருப்பிக் காதுக்குத் தரும் பொத்தானை, மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே நோட்டு இரண்டு தரம் கேட்கும். அளவை உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்குமாறு வைத்தால் போதும். 24 பிட்டில் பதியும்போது சத்தமாகப் பதிய வேண்டும் என்ற பழைய பயம் தேவையில்லை. மென்பொருளுக்கு ரீப்பர் எடுக்கலாம், 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், பிறகு தனிப்பட்ட பாவனைக்கு 60 டொலர்.

அப்படியென்றால் ஆம்ப் எதற்கு? விற்றுவிட வேண்டியதுதானே?

வேண்டாம். ஒரு வாரம் ஹெட்போனில் மட்டும் வாசித்துப் பாருங்கள், தெரியும். காது களைத்துவிடும். சத்தம் தலைக்குள்ளேயே நிற்கும், உடம்புக்கு வராது. ஸ்பீக்கர் காற்றைத் தள்ள, அந்தக் காற்று தந்தியைத் தொட்டு நோட்டு நீள்கிறதே, அந்தக் கொடுக்கல் வாங்கல் ஹெட்போனில் கிடையாது. அது இல்லாமல் வாசிக்கிற சோலோவில் அவசரம் வந்துவிடும். என்னுடைய பழைய பதிவுகளில் அதைக் கேட்கிறேன்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: ஆம்ப் வாசிக்கிறவருக்கு, யூஎஸ்பி பதிவுக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடட்டும். ஆம்பின் சத்தம் எப்படி இருந்தாலும் பதிவில் விழாது, ஏனென்றால் பதிவு வயரில் போகிறது. அறையில் ஃபேன் ஓடலாம், சித்தி மிக்ஸி போடலாம். ஆம்பைப் பேச்சுக் குரல் அளவுக்கு வைத்தால் போதும், உடம்புக்கு அது கேட்கும்.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது, இங்கேதான் பலர் விட்டுவிட்டு எழும்பிப் போகிறார்கள். யூஎஸ்பிக்குக் கெப் சிம் வேண்டும், ஆம்புக்கு வேண்டாம். பெட்டி ஒன்று, போக வேண்டிய இடம் இரண்டு. எச்எக்ஸ் ஸ்டொம்ப் வைத்திருப்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. சங்கிலியில் கெப்புக்கு முன்னால் ஒரு செண்டை, அதாவது சத்தத்தை வெளியே பிரித்து அனுப்பும் வழியைப் போட்டு அதை ஆம்புக்குக் கொடுத்தால், மிச்சம் கெப்பைத் தாண்டி யூஎஸ்பிக்குப் போகும். பொஸ் ஜிடி-1000இல் மெயின், சப் என்று வெளியீடே இரண்டு வகை. விலை குறைந்த பெட்டிகளில் இந்த வசதி அரிது. அங்கே நான் செய்வது, ஒவ்வொரு சவுண்டையும் இரண்டு பிரதி எடுத்து வைப்பது. 'வீடு' என்று ஒன்று, கெப் அணைத்தது. 'பதிவு' என்று மற்றது, கெப் போட்டது. பயிற்சிக்கும் யோசிப்பதற்கும் வீடு, சிவப்புப் பொத்தானை அமர்த்தும்போது பதிவு. பதிவு ஓடும்போது ஆம்பில் கேட்பது கொஞ்சம் இருண்டுதான் இருக்கும். ஆம்பின் டிரெபிளை ஏற்றிக் கொஞ்சம் ஈடு செய்யலாம், ஆனால் பல ஆம்ப்களில் ஆக்ஸுக்கு டோன் குமிழும் வேலை செய்யாது. எனக்கு அது பழகிவிட்டது. பழகாதவர் அந்த டேக்குக்கு மட்டும் ஹெட்போன் போடலாம்.

சவுண்ட் செய்யும்போது இன்னொரு பொறி. மெல்லிய சத்தத்தில் நம் காது பாஸையும் உச்சத்தையும் குறைத்துத்தான் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே இதை அளந்து வரைந்து வைத்துவிட்டார்கள். இரவில் மெல்லமாக வைத்து, பாஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போனால், அடுத்த நாள் வேறு ஸ்பீக்கரில் சத்தமாகப் போடும்போது வயிற்றைக் கலக்கும். சித்தி மகனின் சவுண்டுகளில் பாதி இப்படித்தான் இருந்தன. கிட்டாரின் தடித்த தந்தியே 82 ஹேர்ட்ஸில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளதைப் பெட்டியின் ஈக்குவலைசரிலேயே வெட்டிவிடுங்கள், ஒன்றும் குறையாது.

பிறகு இரைச்சல். மொடலரை ஆம்புக்கும் லப்டொப்புக்கும் ஒரே நேரத்தில் கோர்த்ததும் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் வரலாம். நம்முடைய கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். எர்த் இரண்டு பாதையில் வட்டம் அடித்தால் அந்த 50உம் அதன் மடங்குகளும் பாடத் தொடங்கும். முதலில் லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். பிறகு எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மொடலருக்கும் ஆம்புக்கும் நடுவில், அந்த எர்த் வட்டத்தை அறுக்கும் சின்ன ஐசொலேட்டர் ஒன்று. பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யார் சொன்னாலும் கழற்றாதீர்கள். உலோகத் தந்தியைப் பிடித்துக்கொண்டிருப்பது நீங்கள்.

நான்காவது வழி, இரண்டையும் விட்டு, யூஎஸ்பி உள்ள மொடலிங் ஆம்ப் ஒன்று. பொஸ் கட்டானா, யமஹா டிஎச்ஆர்10 மார்க் 2, பொசிட்டிவ் கிரிட் ஸ்பார்க். ஸ்பீக்கருக்குப் போவது ஒரு பக்கம், கெப் சிம் போட்ட சத்தம் யூஎஸ்பியில் மறு பக்கம், முடிச்சு எல்லாம் உள்ளேயே அவிழ்க்கப்பட்டிருக்கிறது. கட்டானா 50ஐ அரை வாட்டுக்குக் குறைக்கும் சுவிட்ச் உண்டு, ஃபிளாட்டுக்கு அது வரம். யமஹா மேசையில் வைக்கிற சாமான், பார்க்க ரேடியோ மாதிரி. கையில் ஒன்றுமே இல்லாமல், பூச்சியத்திலிருந்து வாங்குகிறவர் என்றால் யோசிக்காமல் இதை எடுங்கள் என்பேன். ஆனால் மொடலரும் ஆம்பும் ஏற்கெனவே இருக்கிறவர் இரண்டையும் நட்டத்துக்கு விற்று இதற்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. 2022இல் சில கிழமைக்குள் டொலர் 200இலிருந்து 360 ரூபாய்க்குப் போனதற்குப் பிறகு, 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதமான பிறகு, புதுச் சாமானின் விலை இங்கே இரண்டு தரம் யோசிக்க வைக்கும். மேடைக்குப் போகிறவருக்கும் தனிப்பெட்டிதான் வசதி, தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம்.

ஐந்தாவது, இன்டர்ஃபேஸும் பிளகினும். நியூரல் ஆம்ப் மொடலர் இலவசம், சத்தம் பிரமாதம். நல்ல லப்டொப்பும் ஏசி அறையும் இருந்தால் போங்கள். எனக்கு வேலை முடிந்து வந்து மறுபடி ஸ்கிரீனைப் பார்க்க விருப்பமில்லை, அதனால் இதில் நான் நடுநிலையான ஆள் இல்லை. இன்னொன்று, 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களில் ஆம்பும் செத்தது, கொம்பியூட்டரும் செத்தது. நான்கு பென் டோர்ச் பட்டரியில் ஓடும் ஜிடி-1 ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கி, மொட்டைமாடியில் ஹெட்போனோடு வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் நான் வாசித்த அளவுக்கு வேறு எப்போதும் வாசிக்கவில்லை.

செகண்ட்ஹாண்ட் பெட்டி பார்க்கப் போகிறவர்களுக்கு. அடாப்டரைத் திருப்பி எழுத்தை வாசியுங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால், வெளிநாட்டிலிருந்து யாரோ சூட்கேஸில் கொண்டுவந்தது. நம்முடைய 230இல் சொருகிய நிமிடமே புகை. பெரும்பாலான பெட்டிகளுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ், மில்லியம்பியரும் பெட்டி கேட்பதற்குக் குறையக்கூடாது. குமிழ்களைத் திருப்பி, ஜாக்கை அசைத்துக் கேளுங்கள். கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த பெட்டி என்றால் உப்புக் காற்று உள்ளே போய்க் கரகரக்கும். கொன்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சுப் பீச்சினால் குமிழ் சரியாகும், பச்சை பிடித்த ஜாக்கை மாற்றத்தான் வேண்டும். விலை பேச அது நல்ல பிடி.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். போகும் வழியில் ஒய் கேபிள் ஒன்றை வாங்கிக்கொண்டேன். ஆம்பை நிலத்திலிருந்து கதிரைக்கு ஏற்றினோம், முன் ஓட்டையிலிருந்து பெட்டியைக் கழற்றி ஆக்ஸில் கொடுத்தோம், பிரிண்டர் வயரை லப்டொப்பில் போட்டோம். முனகியது. சார்ஜரைக் கழற்றினான், அடங்கியது. தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில். வழக்கமாக ஞாயிறு பூசைக்கு வாசிக்கிற பாட்டின் முதல் எட்டு பாரை மூன்று தரம் வாசித்தான். மூன்றாவது நன்றாக வந்தது. ஹெட்போனை வாங்கிக் கேட்டான், கழற்றினான், மறுபடி போட்டுக் கேட்டான்.

"இது என்ட அதே பெட்டியா அண்ணா?"

சித்தி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏன் இண்டைக்குச் சத்தமே இல்ல, வாசிக்கலையா?" என்று கேட்டார்.

ஆம்பை விற்கப் போட்டிருந்த விளம்பரத்தை அன்றிரவே எடுத்துவிட்டான். கேபிள் காசுதான் இன்னும் தரவில்லை.